பதினான்கடியா, பதினாறடியா? அலுமினியப் படகு வாங்குவோர் கேட்பவை

கோடை தொடங்கியதும் ஒன்ராறியோ வாசகர்களிடமிருந்து சிறு படகுகள் பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். முதல் கேள்வியைப் பலரும் பலவிதமாகக் கேட்டிருப்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஸ்கூகொக் ஏரிக்கும் றைஸ் ஏரிக்கும் மீன்பிடிக்கப் போவோம். இடையிடையே சிம்கோ ஏரிக்கும் போக ஆசை. பழைய அலுமினியப் படகுகள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 14 அடி, தகடுகளை றிவெற் ஆணிகளால் பிணைத்தது, மூன்று குறுக்கிருக்கை, கைப்பிடியால் திருப்பும் 9.9 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். வெறும் படகு 110 கிலோ. படகில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளர் தகட்டில் மொத்தச் சுமை 400 கிலோ, எஞ்சின் 25 குதிரைவலு வரை என்று இருக்கிறது. ட்ரெயிலரோடு 4,800 டொலர். மற்றது 16 அடி, வெல்டிங் செய்தது, ஸ்டியரிங், சுழலும் நாற்காலிகள், காபெற் விரித்த தளம், 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். வெறும் படகு 360 கிலோ, விலை 6,500 டொலர். என்னிடம் இருப்பது ஹோண்டா சிஆர்-வி. அதன் கையேட்டில் இழுவை எல்லை 1,500 இறாத்தல். எதை வாங்கலாம்?
— வாசகர், மார்க்கம்

பதில்: உங்கள் வாகனத்திலிருந்து தொடங்குவோம். 1,500 இறாத்தல் என்றால் 680 கிலோ. பெரிய படகைக் கூட்டிப் பாருங்கள். படகு 360, எஞ்சின் ஏறத்தாழ 85, இரண்டு பற்றரி 50, 45 லீற்றர் பெற்றோல் 33, அந்த அளவுப் படகுக்கான ட்ரெயிலர் 230 அளவில், நங்கூரம், கயிறு, தூண்டில், உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 800 கிலோவை ஒட்டி வந்துவிடுகிறது. எல்லையை 120 கிலோ தாண்டிய சுமை அது. பல வாகனங்களின் கையேடு அந்த எல்லையையே உள்ளே ஓரிருவர் மட்டும் இருப்பதாகக் கொண்டுதான் கணக்கிட்டிருக்கும். குடும்பத்தோடு போகும்போது அது இன்னும் குறையும். "மெதுவாக ஓட்டினால் இழுத்துவிடும்" என்று விற்பவர் சொல்லக்கூடும். இழுப்பதில் பிரச்சினை வராமல் போகலாம். இறக்கத்தில் நிறுத்துவதும், படகு இறக்கும் ஈரச் சரிவிலிருந்து மேலே ஏற்றுவதும்தான் சிக்கல். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டும் ட்ரெயிலருக்குத்தான் பிரேக் கட்டாயம். ஆகவே இந்த 800 கிலோவையும் நிறுத்தவேண்டியது உங்கள் காரின் பிரேக் மட்டுமே.

சிறிய படகுக்கு அதே கணக்கு: படகு 110, எஞ்சின் 43, 25 லீற்றர் தாங்கி நிறைந்தால் 20, ட்ரெயிலர் 130, சாமான் 40. ஏறத்தாழ 343 கிலோ. எல்லையில் பாதி.

அடுத்தது தகடு. கனடாவில் ஆறு மீற்றருக்கு உட்பட்ட எஞ்சின் படகுகளின் தகட்டில் மூன்று விடயங்கள் இருக்கும்: எத்தனை பேர், மொத்தச் சுமை எவ்வளவு, எத்தனை குதிரைவலு. மொத்தச் சுமையில் ஆட்களுடன் எஞ்சின், பெற்றோல், சாமான் எல்லாம் அடக்கம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் நால்வரையும் 218 கிலோ என்று வைப்போம். எஞ்சினும் தாங்கியும் 63, சாமான் 40. கூட்டினால் 321. 400க்குள் 79 கிலோ மிச்சம். ஆக, நால்வருக்குப் போதும். ஐந்தாவதாக மச்சானையும் ஏற்றிக்கொண்டால் மிச்சம் ஒன்றுமில்லை. அவர் வரும் நாளில் பிள்ளைகளில் ஒருவர் கரையில் இருக்கவேண்டும். தகட்டில் எழுதியிருப்பது அமைதியான தண்ணீருக்கான எல்லை என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

இனி ஓட்டம். இப்படியான தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு, போதிய வலு கிடைத்தால் தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன் மேலேறி வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு குதிரைவலுவுக்கு 25 கிலோ அளவில் சுமை இருந்தால் சுலபமாக ஏறும். 30 தாண்டினால் திணறும். 40 தாண்டினால் ஏறவே ஏறாது. அணியத்தை, அதாவது முன்முனையைத் தூக்கிக்கொண்டு, கடையாரை, அதாவது பின்முனையைத் தாழ்த்தி உழுதுகொண்டு போகும். நீங்கள் தனியே போனால் இந்த 9.9 எஞ்சினுக்கு ஒரு குதிரைவலுவுக்கு 27 கிலோ. மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் ஓடும். மூத்த பிள்ளையும் கூட வந்தால் 32. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். நால்வரும் ஏறினால் 43. மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில்தான் போகும். ஸ்கூகொக் போன்ற ஆழங்குறைந்த, களை நிறைந்த ஏரியில் அது குறையே இல்லை. ஆனால் திடீரென்று காற்றுக் கிளம்பும்போது கரைக்கு ஓட அது போதாது.

தகடு 25 குதிரைவலுவரை அனுமதிப்பதால் பிற்பாடு 20 குதிரைவலு எஞ்சின் ஒன்றை மாட்டலாம். எடை எட்டுக் கிலோ அளவில்தான் கூடும். நால்வரோடும் ஒரு குதிரைவலுவுக்கு 22 கிலோ என்று கணக்கு வந்துவிடும். ஆகவே 14 அடியை இப்போது வாங்கி, ஒரு கோடை ஓட்டிப் பார்த்து, நால்வராக அடிக்கடி போவீர்கள் என்றால் எஞ்சினை மாற்றுங்கள். இதுதான் எங்கள் தீர்ப்பு. ஆனால் ஒரு நிபந்தனை: படகில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகை உறுதியாக இருக்கவேண்டும். அதை எப்படிச் சோதிப்பது என்று அடுத்த பதிலில் சொல்கிறோம்.

சிம்கோவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 700 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி அது. காற்றுக்குத் தடையில்லாத நீண்ட வெளி. வடமேற்குக் காற்று ஒரு மணி நேரம் நின்று அடித்தாலே தென்கரைப் பக்கம் குட்டையும் செங்குத்துமான அலைகள் எழும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் அலைமுகடுகளில் வெள்ளை நுரை பரவலாகத் தெரியத் தொடங்கும். அதைக் கண்டால் 14 அடிப் படகில் பிள்ளைகளோடு வெளியே போகாதீர்கள். வெளியே இருந்தால் திரும்புங்கள். உங்கள் பயணங்களில் பாதிக்கு மேல் சிம்கோவாகத்தான் இருக்கும் என்றால் எங்கள் பதில் மாறும்: 16 அடிதான் சரி, ஆனால் வாகனத்தை மாற்றிய பிறகு.

கேள்வி: பழைய படகு பார்க்கப் போகிறேன். பின்பலகை உக்கியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், பிரம்ரன்

பதில்: எஞ்சின் தொங்குவது பின்பலகையில். வெளியே அலுமினியத் தகடு தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் 38 மில்லிமீற்றர் தடிப்புப் பிளைவூட். துளைகள் வழியே தண்ணீர் இறங்கி அந்த மரம் ஆண்டுக்கணக்கில் உக்கும். வெளியே வண்ணம் பளபளப்பாகவே இருக்கும். பழைய அலுமினியப் படகில் பணம் விழுங்கும் முதல் இடம் இதுதான். படகு பார்க்கப் போனால் வேறெதையும் பார்ப்பதற்கு முன் இங்கே போங்கள்.

எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் அடிப்பகுதியில் புரொப்பெலருக்குக் கீழே நீண்டிருக்கும் துடுப்பைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். உங்களோடு வந்தவர் பின்பலகையின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எஞ்சினும் பலகையும் படகும் ஒன்றாக அசைந்தால் நல்லது. பலகை மட்டும் வளைந்தால், அல்லது மூலையில் தகடு மூச்சு விடுவதுபோல் திறந்து மூடினால், உள்ளே மரம் போய்விட்டது.

பிறகு சுத்தியலின் பிளாஸ்ரிக் தலையால் பலகை முழுவதும் தட்டுங்கள். நல்ல மரம் கூர்மையாக ஒலிக்கும். உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். தண்ணீர் வெளியேற்றும் அடைப்பானைச் சுற்றியும் எஞ்சின் கவ்விகளுக்குக் கீழேயும் கூடுதலாகத் தட்டுங்கள். முதலில் உக்குவது அங்கேதான். விற்பவர் சம்மதித்தால் மீன்காட்டிக் கருவி பொருத்திய சிறு திருகாணிகளில் ஒன்றைக் கழற்றுங்கள். நுனியில் வெளிர் மரத்தூள் வந்தால் நிம்மதி. ஈரமான கபிலநிறக் குழைவு வந்தால் படகுக்குக் கொடுக்கும் விலை அங்கேயே மாறிவிடும். கவ்வித் திருகுகள் மரத்துக்குள் அமுங்கி வட்டக்குழி விழுந்திருந்தாலும் அதே செய்திதான்.

மாற்றவே முடியாத பழுது அல்ல இது. இரண்டு 19 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் தகடுகளை எப்பொக்சியால் ஒட்டி 38 மில்லிமீற்றர் ஆக்கவேண்டும். பழைய பலகையை வார்ப்பாக வைத்து வெட்டி, விளிம்புகளிலும் ஒவ்வொரு துளையின் உள்சுவரிலும் எப்பொக்சி பூசி, அது உலர்ந்த பிறகே மாட்டவேண்டும். துளையை ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டு எப்பொக்சியால் நிரப்பி, மறுநாள் சரியான அளவில் மீண்டும் துளைத்தால் தண்ணீர் மரத்தைத் தொடவே வழியில்லை. துருப்பிடிக்காத உருக்குப் போல்ற்றுகளைப் பொலியூரிதேன் மரைன் சீலன்ற் பூசி முடுக்குங்கள்.

கடைகளில் கிடைக்கும் பச்சை நிறமான பதப்படுத்திய மரத்தை மட்டும் பின்பலகைக்குப் பயன்படுத்தவேண்டாம். அதை உக்காமல் காப்பது செப்புச் சேர்மம். ஈரத்தில் செம்பு அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்பட்டுக் குழிவிழும். ட்ரெயிலரில் படகு படுத்திருக்கும் நீளக் கட்டைகளுக்கும் இதே விதி. காபெற் சுற்றிய பதப்படுத்திய கட்டையில் ஈரத்தோடு ஆண்டுக்கணக்கில் கிடந்த படகின் அடியில் வெள்ளைப் பொடியும் குழிகளும் வரிசையாகத் தெரியும். ட்ரெயிலருக்குக் கீழே குனிந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வெல்டிங் செய்த படகு றிவெற் படகைவிட எப்போதும் உறுதியானது என்கிறார்களே?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: ஒரே தடிப்பில், ஒரே வேலைத்தரத்தில் என்றால் வெல்டிங் படகு அதிக காலம் கசியாமல் நிற்கும். ஆனால் சிறு படகுகளில் நிலைமை அப்படி நேராக இல்லை. வெல்டிங்குக்குத் தடித்த தகடு வேண்டும். மெல்லியதில் சூடு பட்டால் நெளியும், ஓட்டை விழும். ஆகவே வெல்டிங் படகு பெரும்பாலும் கனம். றிவெற் படகு மெல்லிய தகட்டால் ஆனது, இலேசானது. 14 அடிப் படகில் அடித்தகடு 1.6 மில்லிமீற்றர் இருப்பது சாதாரணம். றிவெற் தளர்ந்தால் வீட்டு முற்றத்தில் திருத்தலாம். வெல்டிங் ஓரம் வெடித்தால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரைத் தேடவேண்டும். வெல்டிங் கோட்டுக்கு அருகிலேயே, சூட்டால் மென்மையான பகுதியில்தான் வெடிப்பு வரும். குறிப்பாக உள்ளே விலா எலும்புபோல ஓடும் குறுக்குச் சட்டங்கள் முடியும் இடத்தில். அங்கே மயிரிழைக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

காபெற் விரித்த தளமுள்ள படகுகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. காபெற்றுக்குக் கீழே பிளைவூட், அதற்கும் கீழே மிதப்புக்கான நுரை. தண்ணீர் வடியும் வழி அடைபட்டால் அந்த நுரை ஆண்டுகளில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் படகு பல பத்துக் கிலோ கனத்துவிடும். அதைவிட முக்கியமாக, நனைந்த நுரை கவிழ்ந்த படகைத் தாங்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. தளத்தில் நடந்து பாருங்கள்; கால் பட்ட இடம் மெத்தென்றால் பலகை உக்கியிருக்கிறது. நுரையைச் சோதிக்க ட்ரெயிலரோடு எடைமேடையில் நிறுத்துங்கள். கற்கள், மண் விற்கும் இடங்களில் எடைமேடை இருக்கும். ட்ரெயிலர், எஞ்சின், பற்றரி, பெற்றோல் எடைகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் தயாரிப்பாளர் சொன்ன வெறும் படகின் எடையைவிட 60, 70 கிலோ கூடுதலாக இருந்தால் அது தண்ணீர்.

கேள்வி: றிவெற் படகு வாங்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கிறது. சிலிக்கோன் பூசினால் போதுமா?
— வாசகர், ஏஜக்ஸ்

பதில்: சிலிக்கோன் வேண்டாம். அசையும் இணைப்பில் அது உரிந்துவிடும். அது தடவிய இடத்தில் பிறகு எந்தப் பூச்சும் பிடிக்காது.

முதலில் எங்கே கசிகிறது என்று காணுங்கள். அடைப்பானை மூடி, ட்ரெயிலரில் வைத்தபடியே உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். ஆழம் எட்டுச் சென்ரிமீற்றரைத் தாண்டவேண்டாம். அந்த அளவே 14 அடிப் படகில் ஏறத்தாழ 300 கிலோ ஆகிவிடும். கூடினால் ட்ரெயிலர் தாங்காது, அடித்தகடு நெளியும். ட்ரெயிலரின் முன்காலும் கடையாரின் அடியும் கட்டைகளால் தாங்கப்பட்டிருக்கட்டும். வெளியே துணியால் துடைத்து, பத்து நிமிடம் கழித்துச் சொட்டும் ஒவ்வோர் இடத்தையும் மெழுகுப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடைப்பானின் சுற்றுவளையத்தையும் மறக்கவேண்டாம். "றிவெற் ஒழுகுகிறது" என்று வரும் படகுகளில் பல அங்கேதான் ஒழுகுகின்றன. வளையத்தைக் கழற்றிப் புதிய சீலன்ற்றோடு பொருத்தினால் வேலை முடிந்தது.

தளர்ந்த றிவெற்றை இறுக்க இருவர் வேண்டும். வெளியே றிவெற்றின் தலைமீது ஒருவர் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்கட்டும். உள்ளே மற்றவர் அதன் வாலைச் சிறு சுத்தியலால் மூன்று நான்கு தடவை அளவாகத் தட்டவேண்டும். ஓங்கி அடித்தால் துளை நீண்டு பழுது பெரிதாகும். துளை ஏற்கெனவே பெருத்திருந்தால் பழையதைத் துளைத்து எடுத்துவிட்டு ஓர் அளவு பெரிய றிவெற் போடுங்கள். உள்ளே கைபோகாத இடத்துக்கு ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் றிவெற் உண்டு. ஆனால் வால்முனை மூடியதாகவும், உடலும் நடுக்கம்பியும் இரண்டுமே அலுமினியமாகவும் இருக்கவேண்டும். சாதாரணமானவற்றில் நடுவில் துளை. அதன் வழியே தண்ணீர் வரும். உருக்குக் கம்பியுள்ளவை அலுமினியத்தையும் அரிக்கும்.

இறுக்கிய பிறகு உள்ளே இணைப்புக் கோடுகளையும் றிவெற் வால்களையும் கம்பித்தூரிகையால் தேய்த்து, அசிற்றோனால் துடைத்து, நெகிழ்வுள்ள எப்பொக்சிப் பூச்சு ஒன்று கொடுங்கள். வெயிலில் படகு சூடாக இருக்கும்போது பூசினால் அது இளகி இடுக்குகளுக்குள் இறங்கும்.

கேள்வி: 9.9 எஞ்சின் என்றால் எந்தப் பத்திரமும் வேண்டியதில்லையா? என் 13 வயது மகன் ஓட்டலாமா?
— வாசகி, ஓஷாவா

பதில்: இரண்டு பத்திரங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். படகின் உரிம எண் 10 குதிரைவலு, அதாவது 7.5 கிலோவொற், அல்லது அதற்கு மேல் எஞ்சின் பூட்டிய படகுக்கு உரியது. 9.9 எஞ்சினுக்கு அது தேவையில்லை. ஓட்டுநர் அட்டை வேறு. எந்த எஞ்சின் பூட்டிய படகை ஓட்டினாலும், சிறு மின்மோட்டார் என்றாலும்கூட, ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்கவேண்டும். 2009 செப்ரெம்பர் முதல் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் இந்த விதி. அட்டை ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுவதும் செல்லும்.

உங்கள் மகன் அட்டை எடுத்தால் 40 குதிரைவலு வரை தனியே ஓட்டலாம். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எல்லை 10 குதிரைவலு. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் கூடவே இருந்து கவனித்தால் இந்த எல்லைகள் பொருந்தாது.

சட்டம் கேட்கும் சாமான்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆறு மீற்றருக்கு உட்பட்ட எஞ்சின் படகில் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க வாளி அல்லது கைப்பம்பு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறோடு நங்கூரம், ஊதல், நீர்புகாக் கைவிளக்கு அல்லது தீச்சுடர்கள், இருட்டில் போனால் விளக்குகள். துடுப்பும் நங்கூரமும் இரண்டையுமே எடுத்துச் செல்லுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள். காற்றடைத்து விரியும் அங்கி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு நுரை அங்கிதான். அதை அணிவித்தே வைத்திருங்கள், இருக்கைக்குக் கீழே வைக்காதீர்கள். மே மாதத்தில் வெயில் சுட்டாலும் தண்ணீர் மிகக் குளிராகவே இருக்கும். விழுந்த பிறகு அங்கியை மாட்டக் கை வேலை செய்யாது.

கேள்வி: குறுந்தண்டு, நெடுந்தண்டு எஞ்சின் என்கிறார்கள். என் படகுக்கு எது?
— வாசகர், ஹமில்ரன்

பதில்: பின்பலகையின் நடுவில், மேல்விளிம்பிலிருந்து அடிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். 38 சென்ரிமீற்றரை ஒட்டி இருந்தால் குறுந்தண்டு, 51ஐ ஒட்டி இருந்தால் நெடுந்தண்டு. புரொப்பெலருக்கு மேலே எஞ்சினில் கிடையாக நீண்டிருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓரிரு சென்ரிமீற்றர் கீழாகவோ நிற்கவேண்டும். நெடுந்தண்டைக் குறும்பலகையில் மாட்டினால் தண்ணீரை இழுத்துத் தெறிக்கவிடும், ஆழங்குறைந்த இடத்தில் கட்டைகளில் இடிக்கும். குறுந்தண்டை நெடும்பலகையில் மாட்டினால் திருப்பத்தில் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். இலவசமாகக் கிடைத்தாலும் அளவு மாறிய எஞ்சினை எடுக்கவேண்டாம்.

கேள்வி: பழைய 40 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை ஒருவர் விற்கிறார். என்ன பார்க்கவேண்டும்?
— வாசகர், மிசிசாகா

பதில்: நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் எதுவும் இலகுவில் கிளம்பிவிடும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்பிரெஷன் அளவி கடையில் வாங்கலாம். ஒவ்வொரு சிலிண்டரையும் அளங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு நூற்றுக்குப் பத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம்.

அடுத்தது அடிப்பெட்டியின் கியர் எண்ணெய். கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு கரண்டி அளவு வடியவிடுங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் போய்விட்டது. அதை அப்படியே குளிர்காலத்துக்கு விட்டால் தண்ணீர் உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்யும். கனடாவில் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. பிறகு எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் துளைகள்மேல் நீர்க்குழாய் இணைத்த கவசத்தை மாட்டி ஓடவிட்டு, பின்னால் சிறு துவாரத்திலிருந்து தண்ணீர் தொடர்ந்து பீறிடுகிறதா என்று பாருங்கள். சிணுங்கினால் நீர்ப்பம்பின் றப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய மலிவான பொருள் அது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். தண்ணீரில்லாமல் ஒரு நொடிகூட ஓட்டவேண்டாம்; அந்தச் சக்கரம் உடனே கருகும்.

இரண்டு ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் கலக்கும் விகிதம் எஞ்சின் கையேட்டின்படி. 50க்கு ஒன்று என்றால் 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர், ரிசி-டபிள்யூ3 தர எண்ணெய். சில பழைய எஞ்சின்களுக்கு இன்னும் செறிவான கலவை வேண்டும்.

கேள்வி: ஸ்கூகொக் ஏரியில் கடையாரிலிருந்து நங்கூரம் போட்டிருந்தபோது தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. ஏன்?
— வாசகர், விற்பி

பதில்: எஞ்சினுக்காக வெட்டிய இடத்தில்தான் படகு மிகத் தாழ்வு. எஞ்சின், தாங்கி, ஓட்டுபவர் என்று எடையும் அங்கே. நங்கூரத்தைக் கடையாரில் கட்டினால் காற்று படகைத் திருப்பி அந்தத் தாழ்ந்த வாயையே அலைக்குக் காட்டும். கயிறு இறுகி அதை இன்னும் கீழே இழுக்கும். இரண்டு அலை உள்ளே வந்தால் கடையார் இன்னும் தாழும். அடுத்த அலையைத் தடுக்க ஒன்றுமில்லை. நங்கூரம் எப்போதும் அணியத்திலிருந்தே. கயிறு ஆழத்தின் ஐந்து மடங்காவது போகட்டும். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் பிடிக்காமல் இழுபடும். சுமையையும் பரப்புங்கள்: தாங்கியை நடு இருக்கைக்குக் கீழே வைத்து நீண்ட குழாய் போடலாம், மூத்தவர் ஒருவர் முன்னிருக்கையில் அமரலாம்.

கைப்பிடியால் ஓட்டுபவர் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை எப்போதும் கையிலோ அங்கியிலோ மாட்டியிருக்கவேண்டும். தடுக்கி விழுந்தால் ஆளில்லாப் படகு வட்டமடித்து அவர்மீதே வரும்.

கேள்வி: ஏரியிலிருந்து படகை எடுத்ததும் அடைப்பானைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஒருவர் எச்சரித்தார். உண்மையா?
— வாசகி, பீற்றர்பரோ

பதில்: உண்மை. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். படகு இறக்கும் சரிவைவிட்டு வீதியில் ஏறுமுன் படகிலும் ட்ரெயிலரிலும் ஒட்டியிருக்கும் களை, சிப்பி எல்லாவற்றையும் அகற்றவேண்டும்; அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடிக்கவேண்டும். வரிச்சிப்பியின் (சீப்ரா மசல்) குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாதவை. அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரிலேயே இன்னோர் ஏரிக்குப் போய்விடும். எஞ்சினை நேராக நிறுத்தி அதன் உள்ளே நிற்கும் தண்ணீரும் வடியவிடுங்கள். கழற்றிய அடைப்பானை வாகனத்தின் சாவிக்கொத்தோடு மாட்டி வையுங்கள். அடுத்த முறை படகை இறக்குமுன் சாவியைத் தொடும்போது அதுவும் கைக்கு வரும்.